கைநாட்டுக்கு மேலே நீ எழுதிய கடிதம்

மகளே,

நாளைக் காலை பஸ்ஸில் உன் அம்மா மாம்பலத்துக்கு வருகிறாள். நீ மறந்துவிட்டுப் போன கண்ணாடிக்கூடும் ஒரு டப்பா முறுக்கும் அவள் பையில் இருக்கும். அவற்றுக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். தபாலில் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, தபால்காரர் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், படித்து முடித்ததும் உன் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும் என்று தோன்றியது. இருபத்தைந்து வருஷம் வக்கீல் தொழில் செய்தவனுக்கு ஒரு கடிதம் எழுத மூன்று நாள் ஆகியிருக்கிறது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். கிழித்த நான்கிலும் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிந்தேன், அதனால்தான் கிழித்தேன். படித்த பிறகு மாப்பிள்ளையிடமும் கொடு. அவர் வீட்டார் யார் படித்தாலும் சரி. இதில் ஒளிக்க ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

கல்யாணத்தன்று மாலை நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். சத்திரத்தில் உன் பேங்கின் சட்ட இலாகா மேலதிகாரி வந்து உட்கார்ந்தார். அரசாங்கம் கொண்டுவரும் மசோதாக்களைப் பற்றி பேங்கின் கருத்தை எழுதி அனுப்பும் வேலை, அதற்கு இவ்வளவு சின்னப் பெண்ணா என்று ஆரம்பத்தில் தயங்கியதாகச் சொன்னார். நீ சிரித்துக்கொண்டே, அந்த அனுபவம் எனக்குப் பதினாறு வயதிலேயே உண்டு, எங்கள் நைனாதான் என் முதல் சீனியர் என்றாய். பிறகு கதையைச் சொன்னாய். நாற்பது கடிதம், ஐந்து பேனா, வலக்கையால் பாதி, இடக்கையால் பாதி, சட்டசபைக் கமிட்டியே அசந்துபோனது என்று எல்லாவற்றையும் சொன்னாய். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. நெஞ்சில் கை வைத்து, குரலைத் தழுதழுக்க வைத்து, "பெற்ற பிள்ளை இல்லாத எனக்கு இந்த நிதியே பிள்ளை" என்று அந்த வரியை, கடிதத்தில் இருந்த பெயரையும் சொல்லி, நடித்தும் காட்டினாய். மாப்பிள்ளையின் சித்தப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன், அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு. பெருமையாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம்தான் தூண் பக்கம் பார்த்தேன். அங்கே ஜமக்காளத்தின் ஓரத்தில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மகன் ஏழுமலை. எல்லாரும் சிரிக்கும்போது தான் மட்டும் சிரிக்காமல் இருந்தால் மரியாதை இல்லை என்று நினைத்தாளோ என்னவோ, அஞ்சலையும் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் அஞ்சலையை நீ ஒரே ஒரு முறை நேரில் பார்த்திருக்கிறாய். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் நம் வீட்டுக்கு வந்தாள், நீதான் காபி கொடுத்தாய், டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அந்த நாற்பது கடிதங்களில் நீ நடித்துக் காட்டிய கடிதம் அவள் பெயரில் எழுதியது. அன்று அவளை நான் எங்கே அழைத்துப் போனேன், அங்கே என்ன நடந்தது என்று உனக்கு முழுவதும் சொல்லவே இல்லை. ஜெயித்தோம் என்று மட்டும் சொன்னேன். நீயும் அந்த ஜெயித்த கதையை இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். தப்பு உன்னுடையது இல்லை. பாதிக் கதையைக் கொடுத்தவன் நான்.

அந்த நாளில் நம் ஊரில் தெருவுக்கொரு நிதி இருந்தது, உனக்கு நினைவிருக்கும். அங்கத்தினர்களிடம் மட்டும் பணம் வாங்கி, அங்கத்தினர்களுக்கு மட்டும் கடன் கொடுக்கும் சின்னச் சின்ன ஸ்தாபனங்கள். பெரிய பேங்குகள் நெசவாளியை வாசலோடு திருப்பி அனுப்பிய காலத்தில் இவைதான் கைகொடுத்தன, அதையும் மறுக்க மாட்டேன். அப்போது ஒரு மசோதா வந்தது. ஊர்ப் பணத்தை வாங்கி வைக்கும் எந்த ஸ்தாபனமும் ஒரு பங்கை அரசாங்கப் பத்திரத்தில் போட்டு வைக்க வேண்டும், பேங்கைப் போலவே தணிக்கைக்கும் உட்பட வேண்டும் என்று அதில் இருந்தது. நிதி நடத்துபவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஏழு நிதிக்காரர்கள் ஒன்றுசேர்ந்து என்னிடம் வந்தார்கள். கூரம் கிராமத்தில் ஏர் பிடித்த குடும்பத்திலிருந்து வந்தவன், முனிசீப் கோர்ட்டைத் தாண்டாதவன், எனக்குச் சட்டசபைக் கமிட்டி முன்னால் போய் நிற்கும் வாய்ப்பு. தலைகால் புரியவில்லை. பட்டணத்தில் எனக்குத் தெரிந்த ஒரு சீனியரிடம் யோசனை கேட்டேன். வக்கீல் எழுதியதைக் கமிட்டி புரட்டிக்கூடப் பார்க்காது, பணம் போட்ட ஜனங்களே எழுதினால்தான் படிக்கும், கடிதங்களைக் கொண்டு வா என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஜனங்களிடம் போய்க் கேட்டு எழுதி வா என்றுதான் சொன்னார்.

நான் போகவில்லை. நெசவாளிகள் இருக்கும் பிள்ளையார்பாளையம் என்ன பர்மாவிலா இருக்கிறது? சைக்கிளில் பத்து நிமிஷம். போயிருந்தால் பாதிப் பேர் தணிக்கை வரட்டும் என்று சொல்லியிருப்பார்கள், அது எனக்கு உள்ளூரத் தெரிந்துதான் இருந்தது. கட்சிக்காரருக்கு ஆகாத பதிலை எதற்குப் போய்க் கேட்பானேன் என்று இருந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஏழில் ஒரு நிதியின் செயலாளர் ஒரு துணிப்பையோடு வந்தார். எழுதப் படிக்கத் தெரியாத அங்கத்தினர்கள் ஒவ்வொரு தடவையும் ரசீது மாற்ற வந்தால் அன்றைய கூலி போய்விடும். அதனால் ஒரே நாளில் ஐந்தாறு வெற்றுத் தாளில் கட்டைவிரல் ரேகையை வைத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வேண்டும்போது நிதி அதன்மேல் எழுதிக்கொள்ளும். எல்லா நிதியிலும் அதுதான் வழக்கம், யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை, அவர்களும்தான். அந்தத் தாள்களைத்தான் அவர் பையிலிருந்து எடுத்து என் மேஜையில் வைத்தார். மேலே விஷயத்தை எழுத வேண்டியதுதான் பாக்கி என்றார். எழுத நாற்பது விதமான கையெழுத்து வேண்டும். நீ அடுத்த அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். உன்னைக் கூப்பிட்டேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள். நான் சட்ட விஷயத்தை நான்கு வரியில் சொல்வேன், நீ அதை ஒவ்வொருவர் பேச்சாக மாற்றி எழுதுவாய். உன் அம்மா ஒரு தடவை எட்டிப் பார்த்து, இதெல்லாம் அவங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். அவள் அதற்கப்புறம் அந்த அறைக்கு வரவில்லை. தாள்களில் ரேகை இருந்த இடத்துக்குத் தகுந்தபடிதான் கடிதத்தின் நீளம் இருக்க வேண்டும் என்பதை நீதான் கண்டுபிடித்தாய். நடுத்தாளில் விரல் வைத்தவர்களுக்கு ஐந்து வரி, கொஞ்சம் கீழே வைத்தவர்களுக்குப் பத்து வரி. ஒரு தாளில் மட்டும் ரேகை அடியில், மூலையில், விளிம்பை ஒட்டி இருந்தது. நல்ல தாளை அழுக்காக்கிவிடக் கூடாது என்று பயந்து அஞ்சலை அப்படி ஓரமாக வைத்திருக்கிறாள் என்று பின்னால்தான் தெரிந்தது. அந்தத் தாள் முழுவதையும் நிரப்ப வேண்டியிருந்தது. என் நான்கு வரி போதவில்லை. நைனா, இவங்களுக்கு நான் ஏதாவது சேத்துக்கட்டுமா என்று கேட்டாய். சேர்த்துக்கொள் என்றேன். பிள்ளை இல்லாத ஒரு விதவையை நீ உண்டாக்கினாய். நான் சொன்ன வரியையும் அதில் அழகாகப் பொருத்தினாய்: நாங்கள் நிதிக்குக் கடன் கொடுத்தவர்கள் அல்ல, லாப நஷ்டத்தில் பங்காளிகள், எங்களுக்கு அரசாங்கத்தின் பாதுகாப்பு வேண்டியதில்லை. படித்துவிட்டு உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். பதினாறு வயதுப் பெண்ணைப் பொய்க் கடிதம் எழுத வைத்துவிட்டுத் தலையைத் தடவிக் கொடுத்தேன்!

நாற்பது கடிதத்தில் கமிட்டிக்குப் பிடித்தது அது ஒன்றுதான். நீளமாக இருந்ததால் கண்ணில் பட்டது, நன்றாக இருந்ததால் மனதில் நின்றது. இதை எழுதிய அம்மாளை நேரில் பார்க்க வேண்டும், சாட்சியாக அழைத்து வரவும் என்று உத்தரவு வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு நிமிஷம்தான். மறுநாள் முதல் தடவையாகப் பிள்ளையார்பாளையம் போனேன். அஞ்சலை முசரவாக்கம் கிராமத்திலிருந்து தினமும் நடந்து வந்து பட்டு நூல் சுற்றும் வேலை செய்பவள் என்று தெரிந்தது. கூலியில் மிச்சம் பிடித்து நிதியில் போட்டுக்கொண்டிருந்தாள். தாமல் ஏரிப் பாசனத்தில் அரைக் காணி நிலம் வாங்க வேண்டும் என்பது அவள் எண்ணம். அவள் வீட்டில் யாருக்கும் அதுவரை சொந்தமாக ஒரு வரப்புகூட இருந்ததில்லை. பட்டணத்தில் பெரிய மனிதர்கள் உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று சொன்னேன். ஒரு நாள் கூலி போகுமே என்று மட்டும் கவலைப்பட்டாள்.

பஸ்ஸில்தான் அவள் பெயரில் இருந்த கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டாள். "இந்தப் பொம்பள நல்லா பேசறா ஐயா" என்றாள். அது நீங்கள்தான் அம்மா என்றேன். பிறகு இரண்டு விஷயம் கேட்டாள். "பங்காளின்னா, நெலத்துக்குப் பணம் கேக்கச் சொல்ல குடுத்துடுவாங்க இல்ல?" என்றாள். கொடுப்பார்கள் என்றேன். அந்த வார்த்தைக்குச் சட்டத்தில் என்ன அர்த்தம் என்று அந்த பஸ்ஸிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். நிதி முழுகினால் கடன் கொடுத்தவன் முதலில் வாங்கிக்கொள்வான், பங்காளி கடைசியில் நிற்பான். அதைச் சொல்லவில்லை. இரண்டாவது, "எனக்குப் புள்ள இருக்கிறானே ஐயா, பன்னெண்டு வயசு" என்றாள். பேச்சுக்காக எழுதியது, கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். அவள் அதற்கு ஒப்பவில்லை. இருக்கிற பிள்ளையை இல்லை என்று எந்தத் தாயாவது சொல்வாளா என்றாள். அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மாற்றிச் சொன்னால் கடிதம் பொய் என்று ஆகிவிடும், எழுதிய என் பெண்ணுக்குத்தான் கெட்ட பெயர், படிக்கிற பிள்ளை, அவள் வாழ்வே போய்விடும் என்றேன். காபி கொடுத்த பாப்பாவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

கமிட்டித் தலைவர் தங்கமான மனிதர். அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை. இது நீங்கள் எழுதியதா என்று கேட்டார். "எனக்கு எழுதத் தெரியாதுங்க. ஐயா வூட்டுப் பாப்பா எழுதிச்சு. வெரலு என்னுது" என்றாள். வழக்கமான விஷயம்தானே என்று எல்லோரும் தலையசைத்தார்கள். என் மனதில் இருப்பதைத்தான் எழுதியிருக்கிறது என்றும் சொன்னாள், நான் சொல்லிக் கொடுத்தபடி. முடிந்துவிட்டது என்று மூச்சு விட்டேன். அப்போது கமிட்டியின் ஒரு அங்கத்தினர், பரிவாகத்தான், உங்களுக்குக் குழந்தை குட்டி யாரும் இல்லையா அம்மா என்று கேட்டார். அஞ்சலை என்னைப் பார்த்தாள். முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்தாள். "இல்லீங்க" என்றாள். அவ்வளவு மெதுவாக ஒரு மனுஷி பேசி நான் கேட்டதில்லை. அந்த அங்கத்தினர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. கடையில் உப்பும் மிளகும் வாங்கினாள். மாரியம்மன் கோயில் வாசலில் நின்று, வாயால் சொன்னது பிள்ளைமேல் விழக் கூடாது தாயே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு ரூபாய் எடுத்து உண்டியலில் போட்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மசோதாவில் அங்கத்தினர் நிதிகளுக்கு விலக்கு கிடைத்தது. ஏழு நிதிக்காரர்களும் எனக்கு மாலை போட்டார்கள். அந்த வழக்கில் வந்த பீஸில்தான் உன் சட்டக் கல்லூரிப் படிப்பு நடந்தது. இதை உன்மேல் பாரம் ஏற்றச் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு பாதிக் கதையாகிவிடும்.

விலக்கு வாங்கிக் கொடுத்தது தப்பு என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். ஏழில் ஆறு நிதிகள் ஒழுங்காகத்தான் நடக்கின்றன. ஏழாவது, அஞ்சலை பணம் போட்டது, போன வருஷம் கதவை மூடியது. டைரக்டர்கள் தங்கள் ஜவுளிக்கடைகளுக்கே கடன் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பார்க்கத் தணிக்கைக்காரன் இல்லை, அவனை வரவிடாமல் செய்தவன் நான். மிச்சமிருந்த பணத்தைப் பங்கிட்டுக் கொடுக்கக் கோர்ட்டு ஒரு அதிகாரியை நியமித்தது, பணம் போட்டவர்கள் எல்லாரும் மனு கொடுத்தார்கள். அப்போதுதான் டைரக்டர்களின் வக்கீல் அந்த நாற்பது கடிதங்களையும் எடுத்துக் கோர்ட்டில் போட்டார். இவர்களே எழுதியிருக்கிறார்கள், கடன் கொடுத்தவர்கள் அல்ல, பங்காளிகள் என்று. எனவே கடைசியில் மிஞ்சினால்தான் இவர்களுக்கு. அதிலும் அஞ்சலையின் கடிதத்தை முதலில் வைத்தார், கமிட்டி முன்னால் நேரில் நின்று உறுதி சொன்னது அவள் ஒருத்திதானே. என் வார்த்தையைப் பிடித்தே அவர் வாதாடியிருந்தார். நன்றாகவும் வாதாடியிருந்தார்.

அந்த நோட்டீசைப் படித்துச் சொல்லுங்கள் என்று உன் கல்யாணத்துக்கு மூன்று மாசம் முன்னால் அஞ்சலை என்னிடம்தான் கொண்டு வந்தாள். நான் படித்தேன். முகம் மாறாமல் மடித்துக் கொடுத்தேன். கோர்ட்டு விஷயம், கொஞ்சம் நாளாகும், பார்க்கலாம் என்றேன். "பாப்பா கல்யாணம் நல்லபடியா முடியட்டும் ஐயா, அப்பறம் பாத்துக்கலாம்" என்று அவளே சொன்னாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அவள் நல்ல குணத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு மூன்று மாசம் பத்திரிகை அச்சடித்தேன், பந்தலுக்கு முன்பணம் கொடுத்தேன். ஒரு பத்திரிகையை அவள் வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன், வெற்றிலை பாக்கோடு. பெரிய மனுஷன் வீடு தேடி வந்ததாக அவளுக்குச் சந்தோஷம்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் ஏழுமலை வந்தான். இருபத்தோரு வயது, லாரி ஷெட்டில் மெக்கானிக், கை கழுவிவிட்டு வந்திருந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை, அவன் அம்மா மாதிரியே. "சார், ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றான். "எங்கம்மா எப்ப சார் புள்ள இல்லாதவங்க ஆனாங்க?"

சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன், எனக்குத்தான் அது நன்றாக வருமே. அவன் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். சத்திரத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மாவைக் கேட்டிருக்கிறான், அவள் அது விளையாட்டுப் பேச்சு என்று மழுப்பியிருக்கிறாள். உள்ளேயிருந்து உன் அம்மா வந்து, சொல்லுங்க, இப்பவாவது சொல்லுங்க என்றாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த அறைக்கு அன்றுதான் வந்தாள். சொன்னேன். வெற்றுத் தாள், ஞாயிற்றுக்கிழமை, பஸ், கமிட்டி, உப்பு மிளகு எல்லாம் சொன்னேன். நோட்டீசில் உண்மையில் என்ன இருந்தது என்பதையும் சொன்னேன். அவன் கேட்டு முடித்துவிட்டு, எங்கம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க சார், நான் சொன்னா நம்பாது என்றான். அன்று சாயங்காலமே முசரவாக்கம் போனேன்.

அஞ்சலை என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வெற்றுத் தாளில் விரல் வைத்தது தன் தப்புதான் என்றாள். அதற்கு வழி இருக்கிறது, அந்தக் கடிதங்கள் நான் ஜோடித்து எழுத வைத்தவை என்று கோர்ட்டில் பிரமாணப் பத்திரம் கொடுக்கிறேன் என்றேன். எழுதியது யார் என்று கேட்பாங்களே என்று உடனே கேட்டாள். படிக்காதவள் என்று நாம் நினைக்கிறோம், வக்கீலுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்பார்கள் என்றேன். "பாப்பா பேரு வேணாம் ஐயா. புதுசா கல்யாணம் ஆன பொண்ணு, பேங்கு உத்தியோகம். நெலம் போனா போவுது" என்றாள். ஏழுமலை, எழுதுங்க சார், யாரு எழுதினாங்களோ அவங்க பேர எழுதுங்க என்றான். இரண்டு பேரும் என் முன்னாலேயே வாக்குவாதம் செய்தார்கள். அவன் சொல்வதுதான் நியாயம். ஆனால் என் காது அவள் சொல்வதைத்தான் கேட்க ஆசைப்பட்டது. நான்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டால் என்ன என்று அந்தக் குடிசை வாசலில் நின்றுகொண்டே யோசித்தேன். என் கையெழுத்து கோர்ட்டுக்கே தெரியும், ஐந்து நிமிஷத்தில் பொய் வெளுத்துவிடும், அவள் வழக்கும் அதோடு போய்விடும். அதைவிட, ஒரு பொய்யைத் திருத்த இன்னொரு பொய்யா? வெட்கமாக இருந்தது அம்மா. ஐம்பத்திரண்டு வயதில் நெஞ்சு நிறைய வெட்கம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கு வருகிறது. என் பிரமாணப் பத்திரத்தில், நாற்பது கடிதமும் என் உத்தரவின்பேரில், மைனராக இருந்த ஒருவர் கையால் எழுதப்பட்டவை, குற்றம் முழுவதும் என்னுடையது என்று எழுதியிருக்கிறேன். நீதிபதி யார் அது என்று கேட்பார். கேட்டால் சொல்வேன். என் வக்கீல் சன்னது போகலாம், போகட்டும். உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. பதினாறு வயதில் அப்பா சொல்லி எழுதியதற்கு உன்மேல் நடவடிக்கை வராது என்று சட்டம் தெரிந்தவனாகச் சொல்ல முடியும். உன் ஆபீசில், புகுந்த வீட்டில் என்ன பேசுவார்கள் என்று சொல்ல முடியாது. அதனால்தான் இந்த அவசரம். செவ்வாய்க்கு முன்னால், வேறு யார் வாயாலாவது தெரிவதற்கு முன்னால், நீயே போய் உன் மேலதிகாரியிடமும் மாப்பிள்ளையிடமும் சொல். சத்திரத்தில் சொன்ன கதையின் மிச்சம் இது என்று சொல். நீ கோர்ட்டுக்கு வந்து, ஆமாம் என் கையெழுத்துதான் என்று சொன்னால் அஞ்சலையின் வழக்கு இன்னும் பலப்படும். வா என்று நான் கூப்பிட மாட்டேன். அன்று அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டது போதும்.

அப்பா என்ற முறையில் உனக்கு அறிவுரை சொல்லும் யோக்கியதை இல்லை. வக்கீல் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பேங்குக்காக எழுதுவது பாவம் இல்லை. சட்டம் வரும்போது பேங்குக்கும் ஒரு கட்சி உண்டு, அதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும், நன்றாக எழுது. ஆனால் பேங்கின் பெயரிலேயே எழுது. பணம் போட்டவர்கள் இப்படி நினைக்கிறார்கள் என்று எழுத வேண்டி வந்தால், நாற்காலியை விட்டு எழுந்து போய் அவர்களைக் கேள். உன் கட்சிக்கு ஆகாத பதில் வரும் என்று தோன்றினால் இன்னும் சீக்கிரம் போய்க் கேள்.

நேற்று அஞ்சலையின் பிரமாணப் பத்திரத்தை எழுத அவள் வீட்டுக்குப் போனேன். கோர்ட்டு, வழக்கு எண் எல்லாம் போட்டுவிட்டு, நிதியில் சேர்ந்த விவரத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். அவள் நிறுத்தச் சொன்னாள். "மொதல்ல எனக்குப் புள்ள இருக்கிறான்னு எழுதுங்க" என்றாள். வழக்குக்கு அது சம்பந்தமில்லை, நீதிபதி அந்த வரியை அடித்துவிடுவார் என்று சொல்ல வாய் திறந்தேன். ஏழுமலை கதவோரம் நின்றுகொண்டிருந்தான். முதல் வாக்கியமாக, எனக்கு ஏழுமலை என்று ஒரு மகன் இருக்கிறான் என்று எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னாள், படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். நிலம், பணம், பங்காளி என்று மற்றதையெல்லாம் ஒரு தடவை கேட்டதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

கடைசியில் மைப்பெட்டியை நீட்டினேன். தாளின் அடியில் இடம் நிறைய இருந்தது. அவள் அங்கே வைக்கவில்லை. எங்கே முடிகிறது என்று கேட்டு, நான் காட்டிய கடைசி வரிக்கு நேர் கீழே, எழுத்தைத் தொட்டுக்கொண்டு, விரலை வைத்து அழுத்தினாள். நானும் இந்தக் கடிதத்தில் இதற்குக் கீழே இடம் விடாமல் கையெழுத்துப் போடுகிறேன்.
உன் நைனா